பிள்ளை பிடிக்கிற வாத்தியார்

சோறு தின்ன அடம்பிடிக்கிற குழந்தையிடம், 'பிள்ளை பிடிக்கிறவன் வர்றான்' என்று சொல்லி மிரட்டுவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றுக்கு நிஜமாகவே ஒருவர் அப்படி வந்துகொண்டிருந்தார். தோளில் கோணிப்பை கிடையாது. கழுத்தில் விசில், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, கீழே ஓட்டை டி.வி.எஸ். 50. அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'புள்ள புடிக்கிற வாத்தியார்' என்றால் டீக்கடையில் வழி காட்டுவார்கள்.

அந்தச் சொந்தப் பெயரையும் இங்கே போடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எழுதுறதா இருந்தா அந்தப் புள்ளைங்களப் பத்தி எழுதுங்க சார். எம் பேரு எதுக்கு?"

அவர் பிள்ளைகளைப் பிடித்த கதைகள் விசித்திரமானவை. வேப்பந்தட்டை பக்கம் ஒரு பருத்திக் காடு. ஆடு மேய வந்துவிட்டது என்று ஒரு சிறுமி கல்லை எடுத்து வீசினாள். கல் ஆட்டைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அடுத்த காட்டில் போய் விழுந்தது. வாத்தியார் வண்டியை நிறுத்திவிட்டார். 'யார் வீட்டுப் புள்ள?' என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த மாதம் அந்தப் பெண் கையில் ஈட்டி இருந்தது. இன்னொரு முறை, செந்துறையில் டீ குடிக்கப் போன இடத்தில் மேஜை விளிம்பிலிருந்து கிளாஸ் நழுவியது. தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த பையன், திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து அதை இடது கையில் பிடித்தான். "அன்னிக்கு எனக்கு ஒரு கோல் கீப்பர் கெடைச்சான்" என்றார்.

"எதைப் பார்த்து எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா வெளையாடுறவனத்தான் எல்லாரும் பாக்குறாங்களே... நான் வேற ஒண்ணு பாப்பேன். பந்து வெளிய போயி முள்ளுக்குள்ள விழுந்துருச்சுன்னு வைங்க. எவன் ஓடிப்போய் எடுத்துட்டு வர்றான்னு பாப்பேன். அவன் கால்ல வெளையாட்டு இல்லன்னாலும் பரவால்ல, சொல்லிக் குடுத்துடலாம். முள்ளுக்குள்ள போறத சொல்லிக் குடுக்க முடியாது."

இதே வேலையை அமெரிக்காவில் செய்தால் அதற்குத் தனி ஆபீஸ், தனி விமானம், கோடிக்கணக்கில் சம்பளம். அவர்களுடைய ஃபுட்பால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். அங்கே ஒவ்வொரு அணிக்கும் ஜெனரல் மேனேஜர் என்று ஒருவர் உண்டு. மைதானத்தில் இறங்க மாட்டார். யாரை அணிக்கு எடுப்பது, யாரை விடுவது என்பதுதான் அவர் வேலை. கல்லூரிகளில் ஆடும் பையன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுத அவருக்குக் கீழே ஒரு படையே இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை 'டிராஃப்ட்' நடக்கும். அணிகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாருக்கு முதல் உரிமை? போன வருஷம் ஜெயித்தவனுக்கு இல்லை. கடைசி இடத்தில் தோற்றுக் கிடந்தவனுக்கு! ஜெயித்தவன் வரிசையில் கடைசி. பணக்கார அணிகளே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நொந்துபோன பெர்ட் பெல் என்ற ஃபிலடெல்ஃபியா அணிக்காரர் 1935-ல் கொடுத்த யோசனை இது. 1936-ல் நடந்த முதல் டிராஃப்டில் 9 அணிகள் 81 பேரை எடுத்தன. முதல் பெயர் ஜே பெர்வாங்கர். வேடிக்கை என்னவென்றால், முதல் ஆளாகத் தேர்வான அவர் அந்த லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஆள் எடுப்பதில் உள்ள சிக்கல் முதல் நாளே தெரிந்துவிட்டது, பாருங்கள்.

அப்புறம் அங்கே அளவெடுப்பது பெரிய சாஸ்திரமாக வளர்ந்தது. நாற்பது கஜம் ஓட எத்தனை நொடி, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எகிறுகிறான், உள்ளங்கை எத்தனை அங்குலம்... எல்லாவற்றையும் அளந்தார்கள். அப்படி அளந்துதான் 2000-ம் வருஷத்து டிராஃப்டில் டாம் பிரேடி என்ற பையனை 198 பேருக்குப் பின்னால் தள்ளினார்கள். 199-வது ஆளாக வந்த பிரேடி, ஓய்வு பெறுவதற்குள் ஏழு முறை சூப்பர் பௌல் ஜெயித்தார். டேப்பும் ஸ்டாப் வாட்ச்சும் பொய் சொல்லவில்லை. ஆனால், முக்கியமான ஒன்றை அவை அளக்கவே இல்லை.

ஆஸி நியூசம் என்பவரின் கதை எனக்குப் பிடிக்கும். அவரே பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். 1996-ல் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற புது அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அணிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒருவர். அப்படி ஒரு பிரபலமான பையனும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். நியூசம் அவனை எடுக்கவில்லை. நாலாவது வாய்ப்பில் ஜோனதன் ஆக்டன் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார். அதே நாளில் 26-வது வாய்ப்பில், உடம்பு போதாது என்று பலர் யோசித்த ரே லூயிஸை எடுத்தார். இரண்டு பேருமே பிற்காலத்தில் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். 2001 ஜனவரியில் ரேவன்ஸ் சூப்பர் பௌல் ஜெயித்தது. காலி இடத்தைப் பார்த்து ஆள் எடுக்காதே, ஆளைப் பார்த்து எடு, இடம் தானாக அமையும் என்பதுதான் அவர் கணக்கு.

இதை வாத்தியாரிடம் சொன்னபோது சிரித்தார். "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவணுமா? கபடிக்கு ரைடர் பத்தலன்னு கண்டவனையும் டீம்ல சேத்தா என்ன ஆவும்னு இங்க எல்லா ஊர் டீமுக்கும் தெரியும் சார்."

கபடி என்றதும் ஞாபகம் வருகிறது. புரோ கபடியில் நம்ம தமிழ் தலைவாஸ் 2017-ல் ஆட வந்தார்கள். முதல் நான்கு சீசன்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. 2022-ல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து ஏலத்தில் எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் மேட்ச்சிலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எல்லோரும் டி.வி-யை அணைத்தோம். ஆனால், புதுமுக இளைஞர் வரிசையில் சத்தமில்லாமல் எடுத்து வைத்திருந்த நரேந்தர் என்ற ஹரியானா பையன் எழுந்து வந்தான். அந்த ஒரே சீசனில் இருநூறுக்கும் மேல் ரைடு பாயின்ட். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. கோடி கொடுத்து வாங்கியவர் காயத்தோடு பெஞ்சில். தேடிப் பிடித்து வைத்திருந்தவன் களத்தில்.

சரி, நம்ம ஊரில் இந்தத் தேடல் எப்படி நடக்கிறது?

பெரம்பலூரும் அரியலூரும் பல வருஷம் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. மாவட்ட அணி என்றால் திருச்சியில் செலக்‌ஷன். ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் ஒரு முந்திரிக்காட்டு ஊரிலிருந்து பையன் போக வேண்டுமென்றால், விடியும் முன் கிளம்பி பஸ் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டும். போய் இறங்கும்போதே கால் செத்திருக்கும். எதிரில் நிற்பவன் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே மறுபடி ஒட்டவைத்தார்கள், 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் எந்த ஊரில் என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வாத்தியார் மட்டும் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்.

"ஒரு மாவட்டம்னா ஒரு வாலிபால் டீமுக்கு பன்னெண்டு பேரு. ரெண்டு மாவட்டம்னா இருபத்திநாலு பேரு. ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணு, பொம்பளப் புள்ளைக்கு ஒண்ணுன்னா எத்தனை ஆச்சு? ஜீப்புல கொடி மாறுனது உங்களுக்கு. எனக்கு அத்தன சீட்டு கூடிச்சு!"

மாவட்டப் பிரிவினைக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று எந்தப் பத்திரிகையும் அப்போது எழுதியதாக எனக்கு நினைவில்லை.

1992-ல் தொடங்கிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. அரியலூரில் பையன்களுக்கு, பெரம்பலூரில் பெண்களுக்கு. ஏழு, எட்டு, ஒன்பது, பதினோராம் வகுப்புகளில் சேரப்போகிற பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் தேர்வு. முதலில் மாவட்ட அளவில், பிறகு மாநில அளவில். தேறினால் தங்குமிடம், சத்தான சாப்பாடு, பயிற்சி, பக்கத்துப் பள்ளியில் படிப்பு. நம் ஏழைப் பிள்ளைகளுக்கு இதுதான் டிராஃப்ட். டி.வி. காமிராவும் கைதட்டலும் கிடையாது. அப்பாவின் லுங்கி முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை, அதன் கையில் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ், மஞ்சள் பையில் எலுமிச்சம்பழச் சாதம்.

இந்தக் கதவு வழியாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அரியலூரே சாட்சி. ஹாக்கி வீரர் செல்வம் கார்த்தி இந்த ஊர்க்காரர். எளிய குடும்பம். கோவில்பட்டியில் இதே ஆணையம் நடத்தும் ஹாக்கி மையத்தில் வளர்ந்தவர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. இந்தியாவுக்காகக் கார்த்தி இறங்கிய முதல் ஆட்டமும் அதுதான். ஒன்பதாவது நிமிஷத்தில் கோல்! மேட்ச் 1-1 என்று டிராவில் முடிந்தது. நம் தரப்பு ஒரே கோல் அரியலூர் கோல். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. எழும்பூர் மைதானத்தில் சொந்த மாநில ஜனங்கள் முன்னால் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் கார்த்தி. இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 4-3 என்று கோப்பையை வாங்கியபோது அந்த அணியில் இருந்த ஒரே தமிழ்நாட்டுப் பையன் அவர்தான்.

அரியலூர் மண்ணைப் பற்றி ஒரு தகவல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சங்கும்தான் சுண்ணாம்புக்கல்லாகி, இன்று சிமென்ட் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம், 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. எத்தனையோ தலைமுறை ஆடு மேய்த்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்திருப்பார்கள். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது மரம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. வாத்தியார் மாதிரி ஆட்களின் வேலையும் இதுதான் என்று எனக்குத் தோன்றும். தினமும் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒன்றை, ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால், பார்த்ததோடு வேலை முடிவதில்லை. அமெரிக்காவில் பெயரை அறிவித்தால் பையன் தொப்பி போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடிவருவான். இங்கே பெயர் வந்த பிறகுதான் நிஜமான மேட்ச் ஆரம்பம். அது வீட்டு வாசலில் நடக்கும். எதிரணியில் அம்மா, அப்பா, பாட்டி, சமயத்தில் தாய்மாமனும்.

ஈட்டி எறிந்த பெண்ணின் வீட்டில் நடந்ததை அவரே நடித்துக் காட்டினார்.

"பொட்டப்புள்ளைய வெளியூர்ல எப்பிடிங்க சாரு தனியா வுடுறது? நாள பின்ன நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்க."

"பேசட்டும்மா. உம் புள்ள பேரு பேப்பர்ல வந்தா அதே நாலு பேரு படிப்பாங்க."

"அதுக்கில்லீங்க... வெங்காயம் அறுக்கிற நேரம். கை ஆளு இல்ல."

"அதச் சொல்லு! ஊர் பேசும்னு ஏன் சொல்ற?"

அந்த அம்மா சிரித்துவிட்டாராம். ஆனாலும் சம்மதம் உடனே கிடைக்கவில்லை. நாலு தடவை நடந்திருக்கிறார். அறுவடை முடிந்த பிறகு ஐந்தாவது தடவை போனபோது, பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அழுதது பிள்ளை இல்லை, அப்பாவாம்.

பக்கத்துக் கடலூரில் இதே மல்லுக்கட்டைக் கால்பந்துக்காக நடத்தியவர் பயிற்சியாளர் மாரியப்பன். 2004 சுனாமி சுருட்டிப்போட்ட மாவட்டம் அது. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளையும், விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளையும் சேர்த்துப் பந்தைக் கொடுத்தார். அந்தக் கடலூர் மண்ணிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். 2018-ல் தேசிய மகளிர் கால்பந்தில், அசைக்க முடியாத மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து தமிழ்நாடு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். அந்தக் கோப்பைகளுக்குப் பின்னால் எத்தனை வீட்டு வாசல்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல கதைகள் சொல்லியாகிவிட்டது. டீக்கடைப் பையன் என்ன ஆனான்?

மாவட்ட அணி வரை போனான். மாநிலத் தேர்வில் உயரம் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறு வருஷம் போக வேண்டியவன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் படிப்பையே நிறுத்திவிட்டான். இன்றைக்கு சிமென்ட் லாரி ஓட்டுகிறான். "வழியில என்னைப் பாத்தா நிறுத்தி ஏத்திக்குவான். பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுவான். கோல் கீப்பர் பேச்சு மட்டும் எடுக்க மாட்டான். நானும் எடுக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பதினஞ்சு வயசுக்கு அப்பறம் மூணு இஞ்ச் வளந்துட்டான் சார்."

எனக்கு அந்த மூணு அங்குலம் தொண்டையில் நின்றது. டாம் பிரேடிக்கு 199-வதாகவாவது ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. நம் தேர்வு மைதானத்தில் இருநூறு பிள்ளைகள் நின்றால், இடம் ஒரு கை விரலுக்குள் அடங்கும். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கிவரும் சில பெற்றோர்கள், அந்த இடத்திலும் நியாயமாக வர வேண்டிய ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்கள். எட்டாவது படிக்கிறவனோடு பத்தாவது படிக்கிற வயசுக்காரனை ஓடவிட்டால் யார் ஜெயிப்பான்? ஜெயித்தவனுக்கும் நல்லதில்லை. எல்லோரும் வளர்ந்த பிறகு, அவனிடம் இருந்தது திறமை இல்லை, இரண்டு வயசுதான் என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் மைதானம் வரை வந்து சேர்ந்தவர்களின் கதை. வராதவர்கள்? மாணவர் எண்ணிக்கை குறைந்த பல கிராமத்துப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர் பணியிடமே கிடையாது. இருக்கிற பள்ளிகளிலும் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. செலக்‌ஷன் அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வரும், இன்டர்நெட்டில் விண்ணப்பிக்க வேண்டும். பச்சைமலை அடிவாரத்தில் ஆடு விரட்டுகிற பிள்ளைக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? டி.வி.எஸ். 50 போகாத ஊர்கள் எத்தனை!

வாத்தியாரின் நாற்பது பக்க நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அப்படி நிறைய நோட்டுகள் வைத்திருக்கிறார். தேர்வான பெயர்களுக்குப் பக்கத்தில் டிக் கிடையாது. தேர்வாகாத பெயர்களுக்குப் பக்கத்தில்தான் குறிப்பு. 'உயரம் - அடுத்த வருஷம் பார்.' 'அம்மா சம்மதம் இல்லை - பொங்கலுக்குப் பிறகு போ.' 'ஷூ இல்லாமல் ஓடினான். மறுபடி ஓடவிடு.' ஜெயித்தவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அவங்களத்தான் எல்லாரும் பாத்துக்குறாங்களே" என்றார்.

அந்த அமெரிக்க டிராஃப்டில் நாம் காப்பியடிக்க வேண்டியது ஸ்டாப் வாட்ச் இல்லை, டி.வி. வெளிச்சம் இல்லை. பெர்ட் பெல் சொன்ன அந்த முதல் விதி. கடைசியில் நிற்பவனுக்கு முதல் உரிமை. பெரிய ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கு எல்லாமே எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். மாநிலத்துக்கு ஒரு புது விசில், ஒரு புது பந்து, ஒரு புது பி.டி. மாஸ்டர் வருகிறதென்றால், கோப்பையே பார்க்காத பள்ளி எது என்று பார்த்து அங்கே முதலில் அனுப்பட்டும். பணக்கார முதலாளிகள் லாபத்துக்காக நடத்துகிற ஒரு விளையாட்டில் 1936-லேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒரு பிள்ளை வீசிய கல் வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தால், 'யார் வீட்டுப் புள்ள?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.